டை கிளிப்பும் தர்பூஷாவும்

சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கும் நான்காவது பொத்தானுக்கும் நடுவில், டையின் மேல் குறுக்காகக் கிடக்கும் விரல் நீள உலோகப் பட்டையை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். டை கிளிப். நம்மூரில் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு எடுக்கும்போது, ஒரு சின்ன வெல்வெட் பெட்டியில் கஃப்லிங்க் ஜோடியோடு சேர்ந்து வரும். வரவேற்பு முடிந்ததும் பீரோவுக்குள் போய்த் தூங்கிவிடும். இதைப்பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் வளைகுடாவில் சில வருடங்கள் வேலை பார்த்தவருக்கு இந்தச் சின்னக் கவ்வி ஒரு கேள்வியை எழுப்பாமல் விடாது. இங்கே டை கட்டுகிறவர் யார், கட்டாதவர் யார்?

துபாயில் ஏதாவது ஒரு வங்கிக்குள் நுழைந்து பாருங்கள். வாசலில் நிற்கும் காவலாளி டை கட்டியிருப்பார். கவுண்ட்டரில் இருப்பவர் டை கட்டியிருப்பார். கடன் அட்டை விற்க நம்மைத் துரத்தும் இளைஞரும் அப்படியே. உள்ளே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் அமீரகக் குடிமகனான மேலாளர் பெரும்பாலும் வெள்ளைக் கந்தூராவில் இருப்பார். அவர் கழுத்தில் முடிச்சு இல்லை. மேல்நாட்டுத் தலைமை அதிகாரிகளும் இந்தியத் தொழிலதிபர்களும் டை கட்டத்தான் செய்கிறார்கள். ஆகவே இதை விதி என்று சொல்ல முடியாது. ஆனாலும் பொதுவாக இங்கே டை என்பது சம்பளத்துக்கு வந்த வெளிநாட்டாரின் அடையாளம்.

நம்மூரில் இது தலைகீழ். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து டை என்றால் துரை, அதிகாரி, கிளப். அந்த நினைப்பு எவ்வளவு ஆழமாக ஊறியது என்பதற்கு 2014 ஜூலையில் சென்னையில் நடந்ததே சாட்சி. வேட்டி கட்டிவந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனைச் சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப் உள்ளே விடவில்லை. வேட்டிக்குத் தடை போடக்கூடாது என்று அடுத்த மாதமே சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஒரே துண்டுத்துணி, அரபிக்கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் வேறு பொருள். இது ஏன் என்று யோசித்தபோது, விடை டையில் இருப்பதைவிட அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிளிப்பில் இருப்பதாகத் தோன்றியது.

முதலில் கவ்வியின் வேலையைப் பார்த்துவிடுவோம். முடிச்சு இருக்கும் இடத்தைத் தவிர டைக்கு வேறெங்கும் பிடிமானம் கிடையாது. நிமிர்ந்து நிற்கிறவரை தொல்லை இல்லை. குனிந்தால் ஊசல்போல முன்னால் ஆடும். சாப்பிடும்போது சாம்பாரில் தோயும். காற்றடித்தால் தோள்மேல் ஏறும். கிளிப் அதைச் சட்டையோடு சேர்த்துப் பிடிக்கிறது. டையின் அகலமான முன்வால், ஒடுங்கிய பின்வால், சட்டையின் பொத்தான் பட்டி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கவ்வினால்தான் பயன். இரண்டு வால்களை மட்டும் கவ்வினால் ஆடுகிற பொருளின் எடை கூடுமே தவிர ஆட்டம் நிற்காது. கிளிப்பின் நீளம் டையின் அகலத்தைத் தாண்டக்கூடாது, முக்கால் பங்கு இருந்தால் அழகு என்பது தையற்காரர்களின் கணக்கு.

இதில் வகைகள் உண்டு. ஒரே உலோகப் பட்டையைக் கொண்டை ஊசிபோல மடித்துச் செய்தது ஒன்று. உலோகத்தின் மீள்தன்மைதான் அதற்குப் பிடி. தடித்த துணியில் திரும்பத் திரும்ப மாட்டி, மீள்தன்மையின் எல்லையைத் தாண்டி விரித்துவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. பிறகு வழுக்கிக்கொண்டே இருக்கும். துணி காயப்போடும் கிளிப்பைப் போலச் சுருள்வில்லும் பற்களும் வைத்தது இன்னொன்று. பிடி நன்றாக இருக்கும். பல் கூர்மையாக இருந்தால் பட்டு நூல் பிய்யும். மூன்றாவது டை டேக். இது துளைக்கிற சாதி. ஒரு சின்ன ஊசி டையைத் துளைத்துப் பின்னால் ஒரு பூட்டில் உட்காரும். பூட்டிலிருந்து தொங்கும் சங்கிலியின் முனையில் உள்ள குறுக்குக் கம்பியைச் சட்டையின் காஜாவுக்குள் நுழைத்துவிட வேண்டும்.

பொத்தான் என்ற சொல் போர்ச்சுக்கீசியர் தந்தது. காஜாவுக்கும் அவர்கள் மொழியில் வீட்டைக் குறிக்கும் ‘காஸா’தான் மூலம் என்பார்கள், பொத்தான் குடியிருக்கும் வீடு. அதே போர்ச்சுக்கீசியர்தான் 1515 முதல் 1622 வரை ஹொர்மூஸையும், 1650 வரை மஸ்கட்டையும் பிடித்து வைத்திருந்தார்கள்.

இனி வரலாறு. டை பிறந்தது ராஜசபையில் அல்ல, கூலிப்படையில். பதினேழாம் நூற்றாண்டில், ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர்க் காலத்தில், பிரான்சுக்காகப் போரிட வந்த குரோவேஷிய வீரர்கள் கழுத்தில் துணி கட்டியிருந்தார்கள். குரோவேஷியர் தங்களை அழைத்துக்கொள்ளும் ‘ஹ்ர்வாட்’ என்ற பெயர்தான் பிரெஞ்சில் ‘கிராவாட்’ ஆகி, இன்று அரபியில் ‘கராஃபத்தா’ என்று வழங்குகிறது. கூலிக்கு வந்த வெளிநாட்டுக்காரரின் துணி பிரெஞ்சு அரசவைக்குப் பிடித்துப்போனது. நாகரிகம் ஆனது. பிறகு அது இங்கிலாந்து வழியாக உலகம் சுற்றியது.

அதைப் பிடித்துவைக்கும் முயற்சியும் போர்க்களத்தில்தான் தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. 1692ஆம் ஆண்டு ஸ்டீன்கிர்க் என்ற இடத்தில் எதிரிகள் திடீரென்று தாக்கியபோது, பிரெஞ்சு அதிகாரிகளுக்குக் கழுத்துத்துணியை ஒழுங்காகக் கட்ட நேரமில்லை. முறுக்கி, முனையைக் கோட்டின் காஜாவில் செருகிக்கொண்டு ஓடினார்கள். பின்னர் அதுவே ‘ஸ்டீன்கிர்க்’ என்ற பெயரில் ஒரு பாணியாயிற்று; சிலர் காஜாவுக்குப் பதிலாக ஒரு ஊக்கால் குத்திக்கொண்டார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கைகளுக்கு வேறு வேலை வந்துவிட்டால் துணியைப் பிடிக்க வேறொன்று வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கனவான்கள் அகலமான பட்டுத்துணிகளை முத்தும் வைரமும் பதித்த நீண்ட ஊசிகளால் குத்திக்கொண்டார்கள். 1920களில் நியூயார்க்கின் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் துணியைக் குறுக்குச்சாய்வாக வெட்டி மூன்று துண்டுகளாகத் தைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சாய்வாக வெட்டிய துணி இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். முடிச்சவிழ்த்த பிறகும் வடிவம் கெடாது. நாம் இன்று காணும் நீண்ட நேரான டை இதுதான். நல்ல பட்டில் துளை போட யாருக்கு மனம் வரும்? துளைக்கிற ஊசி பின்வாங்கி, கவ்வுகிற கிளிப் முன்னுக்கு வந்தது.

காலருக்கும் இப்படி ஒரு கதை. 1827இல் அமெரிக்காவின் டிராய் நகரத்தில் ஹானா மாண்டேகு என்ற பெண்மணி, காலர் மட்டும் அழுக்காவதற்காக முழுச்சட்டையையும் துவைத்துச் சலித்து, கணவரின் காலரைத் தனியே வெட்டித் துவைத்து மாட்டினார் என்பார்கள். டிராய் பின்னர் ‘காலர் நகரம்’ என்றே பெயர் பெற்றது. கஞ்சி போட்டு விறைத்த அந்தத் தனிக் காலரைச் சட்டையோடு இணைக்க முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் குமிழ்கள். சட்டை பழசானாலும் காலர் வெள்ளையாக இருந்தால் குமாஸ்தா மானமாக அலுவலகம் போகலாம். ‘வெள்ளைக் காலர் வேலை’ என்ற சொல்லுக்குப் பின்னால் இந்தச் சிக்கனமும் இருக்கிறது.

காலர் சட்டையோடு ஒட்டிய பிறகு வேறு பிரச்சினை வந்தது: முனை சுருண்டுகொள்வது. அதற்குத்தான் காலர் முனையின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பை தைத்து, உள்ளே தட்டையான ஒரு துண்டைச் செருகினார்கள். இதைக் காலர் ஸ்டே என்பார்கள். புதுச் சட்டையில் இது பிளாஸ்டிக்காக வரும்; விலையுயர்ந்ததில் பித்தளை, எஃகு, சிப்பி ஓடு. துவைக்கும் முன்பும் இஸ்திரி போடும் முன்பும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வளைந்து, துணியில் அச்சு விழுந்துவிடும். இன்னொன்று காலர் பின். டை முடிச்சுக்கு அடியில் இரண்டு காலர் முனைகளையும் குறுக்கே இணைக்கும் கம்பி இது. முனைகளை அடக்குவதோடு முடிச்சைச் சற்றே மேலே தூக்கியும் காட்டும். ஆக, ஐரோப்பியக் கழுத்து என்பது துணி, முடிச்சு, கிளிப், ஊசி, எலும்பு என்று ஒரு சிறிய இயந்திரம்.

இந்த இயந்திரம் வளைகுடாவுக்கு வந்தபோது இங்கே ஏற்கெனவே வேறு கழுத்துகள் இருந்தன. அமீரகத்துக் கந்தூராவுக்குக் காலரே கிடையாது. வட்டமான கழுத்து, பொத்தான், அதிலிருந்து நெஞ்சின் நடுவே தொங்கும் நீண்ட நூல் குஞ்சம். இந்தக் குஞ்சத்துக்குப் பெயர் தர்பூஷா. தூரத்திலிருந்து பார்த்தால் மெல்லிய டை போலவே இருக்கும். ஆனால் அது எதையும் இறுக்குவதில்லை. அத்தரில் தோய்த்துக்கொள்வதற்காக இருக்கிறது. ஓமான் நாட்டு திஷ்தாஷாவில் இதே குஞ்சம் சிறியதாகி, கழுத்தோரம் ஒதுங்கி நிற்கும். அங்கே அதை ஃபுராக்கா என்கிறார்கள். சவூதியிலும் குவைத்திலும் விறைப்பான நிமிர்ந்த காலர். கத்தாரிலும் பஹ்ரைனிலும் சட்டைக் காலரைப் போன்றது. காலர் விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் வைக்கும் சூட்சுமம் நம்மூர்த் தையற்காரருக்கும் தெரிந்ததுதான். துபாயில் கந்தூரா தைப்பவர்களில் பெரும்பாலோர் இந்திய, பாகிஸ்தான், வங்கதேசத்துக்காரர்கள். துணியோ, உயர்ந்த ரகம் என்றால் பல சமயம் டோயோபோ, ஷிகிபோ போன்ற ஜப்பானிய ஆலைகளில் நெய்தது.

சவூதிக்காரர் டை கட்டாவிட்டாலும் கஃப்லிங்க் போடுவார். கபக் என்று பெயர். நம்மவர்கள் இதைத் தங்கத்தில் வாங்க நினைப்பார்கள். ஆண்கள் தங்கம் அணிவதைப் பெரும்பாலான இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் விலக்கியிருப்பதால், இங்குள்ள கடைகளில் ஆண்களுக்கான கபக்கும் டை கிளிப்பும் பெரும்பாலும் வெள்ளியிலும் எஃகிலும்தான் மின்னும்.

சொற்களையும் கொஞ்சம் பார்க்கலாம். டை கிளிப்பை அரபியில் மிஷ்பக் என்கிறார்கள். பின்னிப் பிணைப்பதைக் குறிக்கும் அதே வேரிலிருந்து வருவதுதான் ஷபகா, அதாவது வலை. கணினி வலைப்பின்னலுக்கும் அதுதான் பெயர் என்பதால், என் தொழிலில் இருப்பவருக்கு இது தனிச் சந்தோஷம். தலைத்துணியான குத்ராவை இருத்திப் பிடிக்கும் கறுப்பு வளையம் இகால். இதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டுதல் என்று பொருள். பாலைவனத்தில் ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிறும் இகால்தான். பகலில் அதைத் தலையில் சுற்றிக்கொண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அறிவைக் குறிக்கும் ‘அக்ல்’ என்ற சொல்லும் இதே வேர். மனத்தைக் கட்டி நிறுத்துவது அறிவு.

இகாலும் ஒரு வேலைக்காரப் பொருள்தான். ஒட்டகம் ஏறிப் போகிறவர் தலைத்துணியைக் கையால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. இதற்கு எதிர்முனையில் இருப்பது பிஷ்த். மன்னரும் அமைச்சரும் மாப்பிள்ளையும் மேலே போர்த்திக்கொள்ளும் ஜரிகைக் கரை வைத்த மெல்லிய அங்கி. 2022 டிசம்பர் 18 அன்று உலகக் கோப்பையை வாங்கும் முன் லயோனல் மெஸ்ஸிக்குக் கத்தார் அமீர் போர்த்தினாரே, அதுதான். பிஷ்த்துக்குப் பொத்தான் போடுவதில்லை. தோளில் போட்டு, ஓரத்தைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். நம்மூர் அங்கவஸ்திரமும் அப்படியே. அதற்கு ஊக்கு குத்திப் பார்த்திருக்கிறீர்களா? அதை அணிந்தவர் அப்போது குனிந்து எதையும் தூக்கப்போவதில்லை என்பதே அதன் பொருள். மாட்டிப் பிடிக்கிற சாதனம் வேலை செய்கிற கைகளுக்குத்தான் தேவை. டை கிளிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புரிவது இதுதான்: இதை மாட்டியிருப்பவருக்கு இரண்டு கைகளாலும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாலைவன நாடோடிகள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த நான்கு விஞ்ஞானிகள் 1980இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். கறுப்பங்கி கூடுதலாக வெப்பத்தை உறிஞ்சினாலும், அது உடம்பை எட்டும் முன் தளர்ந்த துணிக்கு அடியில் ஓடும் காற்று அதை அகற்றிவிடுகிறது. உடம்புக்கு வந்து சேரும் வெப்பம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒன்றுதான் என்று அளந்து காட்டினார்கள். தொளதொள அங்கி ஒரு புகைபோக்கி மாதிரி. கீழே காற்று நுழையும். சூடாகி மேலே ஏறும். துணி வழியாகவும் கழுத்து வழியாகவும் வெளியேறும். மேல் பொத்தானைப் போட்டு அதன்மேல் டையை இறுக்குவது என்றால் புகைபோக்கியின் வாயை அடைப்பதுதான். அப்புறம் அறையைக் குளிர்விக்க வேண்டும். ஜப்பான் அரசு 2005இல் இதைத் திருப்பிப் போட்டது. கோடையில் அலுவலகக் குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வையுங்கள், டையைக் கழற்றுங்கள் என்றது. அன்றைய பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்தார். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று விதி உண்டு. டைக்கு அப்படி விதி எதுவும் இல்லை.

தொங்குகிற துணியில் ஆபத்தும் உண்டு. நடனக்கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் நீஸ் நகரில், கழுத்துத்துணி கார் சக்கரத்தில் சிக்கி இறந்தார். நம்மூரில் துப்பட்டா பைக் சக்கரத்தில் சிக்கிய செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். சுழலும் கடைசல் எந்திரத்தின் பக்கத்தில் டையோடு நிற்காதே என்று பொறியியல் கல்லூரிப் பட்டறையில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அங்கே கிளிப்பும் போதாது. கழற்றிவிடுவது ஒன்றே வழி. மருத்துவமனையில் வேறு விதம். 2004இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் 42 மருத்துவத்துறையினரின் டைகளைச் சோதித்தபோது, ஏறக்குறையப் பாதியில் நோய்க்கிருமிகள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கக் காவலாளிகளின் டைகள் பத்தை எடுத்தார்கள். அதில் ஒன்றில்தான் கிருமி.

காவலாளியின் டை தனி ரகம். அதற்கு முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஏற்கெனவே போட்ட முடிச்சுக்குப் பின்னால் ஒரு கொக்கி. அதைச் சட்டையின் மேல் பொத்தானுக்கு மேலே காலரில் மாட்டினால் தீர்ந்தது. மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்தில் நாம் போட்ட எலாஸ்டிக் டைக்கு அண்ணன். யாராவது பிடித்து இழுத்தால் டை அவர் கையோடு போய்விடும், கழுத்து தப்பிக்கும். காவலர்களுக்கு இதைக் கொடுப்பதன் காரணம் இதுதான். நான் குடியிருந்த கட்டடத்தில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி பன்னிரண்டு மணி நேரக் காவல் பார்த்தார். டையைப் பற்றி ஒருநாள் கேட்டேன். “முடிச்சுப் போடத் தெரியாதுண்ணே. கம்பெனியிலயே போட்டுத்தான் குடுத்தாங்க. கொக்கிய மாட்டுனா டூட்டி, கழட்டுனா ரூமு” என்றார். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுக்கு முன் குரோவேஷியப் படைவீரர் எதற்காகக் கழுத்தில் துணி கட்டினாரோ, ஏறக்குறைய அதே வேலைக்குத்தான் இவரும் கட்டியிருந்தார்: வேறொருவரின் நாட்டில், கூலிக்குக் காவல்.

நம் இலக்கியத்திலும் இந்தக் காட்சி இருக்கிறது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கிறவர்கள் யவனர்கள். கடல்கடந்து வந்தவர்கள். அவர்களைப் பற்றிப் புலவர் நப்பூதனார் சொல்கிற முதன்மையான அடையாளங்களில் ஒன்று ‘மெய்ப்பை’, அதாவது உடம்புக்குப் போடும் பை. உரைகாரர்கள் சட்டை என்று விளக்குவார்கள். அந்தப் புலவரின் கண்ணுக்கு, சட்டைக்குள் புகுந்துகொண்ட மனிதர் என்றால் கூலிக்கு வந்த அந்நியக் காவலர். நாம் சட்டை போட்டவரை அதிகாரியாகப் பார்க்கத் தொடங்கியது வெகு காலத்துக்குப் பிறகு. ஆகவே வளைகுடா டையின் பொருளைப் புதிதாக மாற்றிவிடவில்லை; அதன் பழைய பொருளுக்கே திருப்பியிருக்கிறது.

கணினித் துறையில் டை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. 2020இன் தொற்றுக்காலம் மிச்சத்தையும் துடைத்துவிட்டது. அந்த இடத்தில் இன்று எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்குகிறது. நல்ல நாடாவாக இருந்தால் பிடரிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு இருக்கும். வேகமாக இழுத்தால் அது தானாகத் திறந்துகொள்ள வேண்டும். வாங்கும்போது ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது. மலிவான நாடாக்களில் இது இருப்பதில்லை.

பிடிக்கிற எந்தச் சாதனத்துக்கும் இரண்டு சோதனை உண்டு. வேண்டியபோது பிடிக்கிறதா, வேண்டியபோது விடுகிறதா. வளைகுடாவில் ஆளை வேலையோடு பிணைக்கும் ஸ்பான்சர் முறை முதல் சோதனையில் எப்போதும் தேறியது. இரண்டாவதில் பல காலம் தோற்றது. முதலாளியின் ஆட்சேபமில்லாச் சான்றிதழ் இல்லாமலே வேலை மாறலாம் என்று 2020இல் கத்தார் சட்டம் திருத்தியது. 2021 மார்ச்சில் சவூதி வேலை மாற்றத்தைச் சில நிபந்தனைகளோடு தளர்த்தியது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத்தின் புதிய தொழிலாளர் சட்டம், முதலாளி தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடாது என்கிறது. சட்டத்தில் உள்ள கொக்கி, இழுக்கும்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி கழன்று வருகிறதா என்பதை, அந்தப் புதுக்கோட்டைத் தம்பியைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.